முதல் கேமையே இருவர் ஆடட்டும்

கோடிங் பழகத் தொடங்கிய இரண்டு மாணவர்கள், "நாங்கள் ரெண்டு பேரும் ஆன்லைனில் சேர்ந்து ஆடுகிற மாதிரி ஒரு கேம் செய்யப் போகிறோம்" என்று எந்த சீனியரிடம் சொன்னாலும் கிடைக்கும் பதில் ஒன்றுதான். "மல்டிபிளேயரா? அதெல்லாம் இப்போ வேண்டாம் தம்பி. முதல்ல ஒரு ஸ்னேக் பண்ணு, அப்புறம் ஒரு டெட்ரிஸ் பண்ணு. நாலஞ்சு கேம் முடிச்ச பிறகு நெட்வொர்க் பக்கம் போகலாம்." வீடியோவில் பாடம் நடத்துபவரும் இதைச் சொல்கிறார், பயிற்சி மைய ஆசிரியரும் இதைச் சொல்கிறார், வேலைக்குப் போய்விட்ட அண்ணனும் இதையே சொல்கிறார். மறுத்துப் பேச ஆள் இல்லாததாலேயே இது நிரூபிக்கப்பட்ட உண்மைபோல நிலைத்துவிட்டது.

இந்த அறிவுரை தவறு என்பது என் கட்சி. ஒரு குறிப்பிட்ட வகை கேமுக்குப் பொருந்துகிற எச்சரிக்கையை எல்லா ஆன்லைன் கேம்களுக்கும் விரித்துவிட்டார்கள். அதனால் தொடக்க நிலையில் இருப்பவர் எதை முதலில் கற்க வேண்டுமோ அதைக் கடைசிக்குத் தள்ளிவிடுகிறார்கள்.

மல்டிபிளேயர் கடினம் என்பவர்களைக் கொஞ்சம் துருவிக் கேட்டால், துப்பாக்கிச் சண்டையையோ கார் பந்தயத்தையோ மனத்தில் வைத்துப் பேசுவது தெரியும். அங்கே சிக்கல் உண்மையானது. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நேர்கோட்டுத் தூரம் ஏறக்குறைய 2,900 கிலோமீட்டர். ஒரு செய்தி போய்த் திரும்ப, இடையில் எந்தத் தாமதமும் இல்லாவிட்டாலும் 29 மில்லிநொடி பிடிக்கும். கேபிள் சுற்றிப் போவதையும் வழியிலுள்ள ரூட்டர்களையும் சேர்த்தால் இன்னும் கூடும். நொடிக்கு 60 முறை திரையை மாற்றி வரைகிற கேமில் ஒரு முறைக்குக் கிடைப்பதோ 16.7 மில்லிநொடிதான். நீங்கள் குறிபார்த்துச் சுட்ட ஆள், சர்வருக்குச் செய்தி போவதற்குள் அந்த இடத்தில் இருக்கமாட்டார்.

கைதேர்ந்தவர்களையே இந்தச் சிக்கல் தடுமாற வைத்திருக்கிறது. 1996 ஜூனில் வந்த 'குவேக்' என்ற துப்பாக்கிச் சண்டை கேம் வேகமான இணைப்பில் நன்றாக ஓடியது. மோடம் வழியாக ஆடியவர்களுக்கோ பட்டனை அழுத்திய பிறகு கால் எழுவதற்கே நேரம் பிடித்தது. அதை எழுதிய ஜான் கார்மாக் அதே ஆண்டு இறுதிக்குள் 'குவேக்வேர்ல்ட்' என்று நெட்வொர்க் பகுதியைத் திருத்தி வெளியிட வேண்டியிருந்தது. சர்வரின் பதிலுக்குக் காத்திராமல் ஆடுபவரின் கணினியே அடுத்த அசைவைக் கணித்துக் காட்டும். பிறகு சர்வர் சொல்வதோடு சரிபார்த்துக்கொள்ளும். இதைத் தொடக்க நிலையில் இருப்பவர் தொடக் கூடாது என்றால் நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் இந்தத் தொல்லை முழுவதும் இருவரும் ஒரே கணத்தில் ஆடுவதால் வருவது. இன்னொருவர் இருக்கிறார் என்பதால் வருவது அல்ல. 1824 முதல் 1828 வரை லண்டன், எடின்பரோ நகரங்களின் சதுரங்க மன்றங்கள் தங்களுக்குள் கடிதம் வழியாகவே ஆடின, எடின்பரோ வென்றது. ஒரு நகர்த்தல் போய்ச்சேர நாட்கள் ஆயின. இன்றைய மொழியில் சொன்னால் பிங், அதாவது செய்தி போய்த் திரும்பும் நேரம், நாள்கணக்கில். அதனால் ஆட்டம் கெட்டுப்போகவில்லை. முறை வைத்து ஆடுகிற ஆட்டத்தில் தாமதம் வெறும் காத்திருப்பு. சதுரங்கமும் தாயமும் சீட்டும் இந்த வகையில்தான் சேரும். கணிப்பும் வேண்டாம், திருத்தமும் வேண்டாம்.

அப்படியானால் இந்த அறிவுரை எங்கிருந்து வந்தது? 1997இல் 'அல்டிமா ஆன்லைன்', 1999இல் 'எவர்குவெஸ்ட்', 2004இல் 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' என்று ஆயிரக்கணக்கானோர் ஒரே உலகில் உலவும் கேம்கள் வந்தபோது, நிரல் எழுதப் பழகும் பிள்ளைகள் அதைப் போலவே ஒன்று செய்ய ஆசைப்பட்டார்கள். "வேண்டாம்" என்று அவர்களிடம் சொன்னது நியாயம். அன்று இணைப்பை உண்டாக்குவதே பெரும்பாடு. டிசிபி என்ற இணைய நெறிமுறையில் அனுப்புவது தண்ணீர்க் குழாய்போல ஒரே ஓட்டமாகப் போகும். தனித்தனியாக அனுப்பிய இரண்டு செய்திகள் ஒட்டிக்கொண்டு வரலாம், ஒரே செய்தி பாதியாக உடைந்தும் வரலாம். எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று பிரித்தெடுக்கும் நிரலைத் தானே எழுத வேண்டும். பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் வெப்சாக்கெட் 2011இல் தரநிலை ஆனபின் அந்தத் தலைவலி தீர்ந்துவிட்டது. அனுப்பிய செய்தி முழுசாகவே வந்து சேர்கிறது; எல்லா பிரவுசரும் அதை அறியும். பைத்தானிலோ ஜாவாஸ்கிரிப்ட்டிலோ சில பத்து வரிகளில் ஒரு சர்வர் நின்றுவிடும். காலம் மாறிவிட்டது, எச்சரிக்கை மட்டும் மாறாமல் கைமாறி வருகிறது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது சரி. முழங்கால் அளவுத் தண்ணீரைக் காட்டிக் கடல் என்று மிரட்டுவது சரியா?

எவ்வளவு ஆழம் என்று அளந்தே பார்த்துவிடலாம். ஆடுபுலி ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். பலகையில் 23 சந்திகள், 3 புலிகள், 15 ஆடுகள். ஆட்டத்தின் நிலை முழுவதையும் 23 எண்கள் கொண்ட ஒரு பட்டியலில் எழுதிவிடலாம்: காலி என்றால் 0, ஆடு என்றால் 1, புலி என்றால் 2. அதோடு யாருடைய முறை, இன்னும் எத்தனை ஆடு கையில் இருக்கிறது, எத்தனை வெட்டுப்பட்டது என்று மூன்று தகவல்கள். எந்தச் சந்தியிலிருந்து எதற்குக் கோடு போகிறது என்று ஓர் அட்டவணை. எங்கிருந்து எதன்மேல் தாவி எங்கே இறங்கலாம் என்று இன்னோர் அட்டவணை. பலகை இவ்வளவுதான்.

ஆடுபவரின் கணினி சர்வருக்கு அனுப்புவது "12லிருந்து 17க்கு" என்ற ஒரே செய்தி; ஆட்டைப் புதிதாக வைக்கும்போது வைக்கும் இடம் மட்டும். சர்வர் வரிசையாகக் கேள்வி கேட்கும். இப்போது உன் முறையா? அந்தக் காய் உன்னுடையதா? போகிற இடம் காலியா? அந்த இரண்டுக்கும் நடுவே கோடு இருக்கிறதா? தாவல் என்றால் நடுவில் ஆடு நிற்கிறதா? 15 ஆடுகளையும் வைத்து முடிக்காமல் ஆட்டை நகர்த்துகிறாயா? எல்லாவற்றுக்கும் சரியான பதில் கிடைத்தால் பலகையை மாற்றி, புதிய பலகையை இருவருக்கும் அனுப்பும். இல்லையென்றால் மறுத்துவிடும். எத்தனை ஆடு போனால் புலி வென்றதாகக் கொள்வது என்பது ஊருக்கு ஊர் மாறும். உங்கள் ஊர்க் கணக்கை ஓர் எண்ணாக எழுதிக்கொள்ளலாம்.

முழுப் பலகையையும் ஒவ்வொரு முறையும் அனுப்புவது வீண் இல்லையா என்று சிலர் கேட்பார்கள். 1997இல் வந்த 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' கேமில் 8 பேர் மோடம் வழியே பெரும்படைகளோடு மோதினார்கள். ஒவ்வொரு வீரனின் இடத்தையும் அனுப்ப 28.8 கிலோபிட் மோடம் தாங்காது. அதனால் கட்டளைகளை மட்டும் அனுப்பி, எல்லாக் கணினிகளும் ஒரே கணக்கை ஒரே வரிசையில் போடும்படி செய்தார்கள். எங்காவது ஒரு கணினியில் கணக்கு சற்றுப் பிசகினால் இரு திரைகளிலும் இரு வேறு போர்கள் நடக்கும். அந்த வித்தை அவர்களுக்குத் தேவைப்பட்டது. உங்களிடம் இருப்பதோ 23 எண்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பும் காலை வணக்கப் படத்தின் அளவில் ஒரு மூலைக்குக்கூட வராது. தாராளமாக முழுசாக அனுப்புங்கள். பிசகிய திரை அடுத்த செய்தியில் தானே சரியாகிவிடும்.

அடுத்து, "முதலில் தனியாள் கேமை முடி, நெட்வொர்க்கைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்" என்ற வாதம். கேட்பதற்கு நிதானமாக இருக்கும். உண்மையில் இதுதான் சிரமமான வழி. தனியாள் கேம் எழுதுகிற புதியவர் திரையில் வரைகிற இடத்திலேயே விதியையும் எழுதுவார். புலியைக் கிளிக் செய்ததும் படம் நகரும், அந்த வரியிலேயே ஆடு வெட்டுப்படும், அடுத்த வரியிலேயே மதிப்பெண் ஏறும். ஒருவர் ஆடும்வரை இது ஓடும். இதை இரண்டு கணினிக்குப் பிரிக்க உட்காரும் அன்று, எது ஆட்டத்தின் உண்மை நிலை, எது வெறும் படம் என்று பிரிக்க முடியாமல் பின்னிக் கிடப்பது தெரியவரும். கடைசியில் அழித்துவிட்டு முதலிலிருந்து எழுதுவார், அல்லது கைவிடுவார்.

இது புதியவர்களுக்கு மட்டும் நேர்வது அல்ல. 'மைன்கிராஃப்ட்' பல ஆண்டுகள் தனியாள் ஆட்டத்துக்கு ஒரு வழியும், சேர்ந்து ஆடுவதற்கு வேறு வழியுமாக வளர்ந்தது. 2012 ஆகஸ்டில் வந்த 1.3 பதிப்பில் இரண்டையும் ஒன்றாக்கினார்கள். எப்படி? தனியாக ஆடுபவரின் கணினிக்குள்ளேயே ஒரு சர்வரை ஓடவிட்டார்கள். தனியாக ஆடுபவர் அன்றிலிருந்து, இன்னொருவர் வராத மல்டிபிளேயரைத்தான் ஆடுகிறார். உலகமே ஆடுகிற கேம் பின்னால் வந்து சேர்ந்த இடத்தில் நம் மாணவர் முதல் நாளே தொடங்கலாம். சர்வரைப் பிரித்து எழுதிவிட்டால், எதிராளி இல்லாத நேரத்தில் கணினியையே எதிராளியாக உட்கார வைப்பது சின்ன வேலை. இந்தத் திசையில் போவது எளிது. மறுதிசையில் வருவதுதான் பாடு.

வரலாறும் சீனியர்கள் பக்கம் இல்லை. 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா என்ற மாணவர், பலர் ஒரே நேரத்தில் நுழைந்து உலவும் எழுத்து உலகம் ஒன்றை எழுதத் தொடங்கினார். பிறகு ரிச்சர்ட் பார்ட்டில் என்ற சக மாணவர் அதை எடுத்து வளர்த்தார். 'மட்' என்ற பெயரில் அது ஒரு முழு மரபுக்கே தாயானது. 1987இல் வேல்ஸின் அபெரிஸ்ட்வித்தில் ஆலன் காக்ஸும் நண்பர்களும் அதே பாணியில் 'அபெர்மட்' எழுதினார்கள். காக்ஸ் பின்னாளில் லினக்ஸ் கெர்னலின் முக்கிய நிரலாளர்களில் ஒருவராகி, அதன் நெட்வொர்க் பகுதியைச் செப்பனிட்டார். கோபன்ஹேகனில் மாணவர் குழு ஒன்று 'டிக்குமட்' எழுதியது. இவர்கள் முதல் வாரத்து மாணவர்கள் அல்ல, உண்மை, கணினியில் ஊறியவர்கள். ஆனால் அவர்களிடம் பட்டறிவு மிக்க கேம் நிறுவனமோ தயார்நிலைக் கருவிகளோ இருக்கவில்லை. இன்று ஒரு மாணவரின் மடிக்கணினியில் இருப்பதில் நூற்றில் ஒரு பங்கு வசதிகூட அன்று இல்லை. படம் இல்லை, ஒலி இல்லை, எழுத்து மட்டும்தான். பக்கத்து மேசைக்காரனும் உள்ளே இருக்கிறான் என்ற ஒரே காரணம் அவர்களைத் தொடர்ந்து எழுத வைத்தது.

ஸ்னேக் கேமில் இல்லாதது அந்தக் காரணம்தான். எழுதி முடித்ததும் ஆடிப்பார்க்க யாரும் காத்திருப்பதில்லை. எழுதியவருக்கே இரண்டு நாளில் அலுத்துவிடும்.

ஆர்வத்தைவிடப் பெரிய காரணம் இன்னொன்று உண்டு. வேலையில் நிரலாளர் அன்றாடம் முட்டிக்கொள்ளும் கேள்விகள் தனியாள் கேமில் எழவே எழாது. யார் சொல்வது உண்மை? தாய உருட்டலை ஆடுபவரின் பிரவுசரிலேயே போடவிட்டுப் பாருங்கள். விவரம் தெரிந்த பையன் ஒவ்வொரு முறையும் தாயமே போடுவான். உருட்டும் உரிமை சர்வரிடம் இருக்க வேண்டும் என்பது அன்றைக்குப் புரியும். ரம்மி எழுதும்போது எல்லாருடைய சீட்டையும் எல்லாருக்கும் அனுப்பிவிட்டு, திரையில் மட்டும் மறைத்தால், எஃப்12 விசையைத் தட்டத் தெரிந்தவன் அத்தனையையும் படித்துவிடுவான். அறியக் கூடாததை அனுப்பவே கூடாது என்பது அன்றைக்குப் புரியும். எந்தப் பாடப்புத்தகமும் பாதுகாப்பை இவ்வளவு வேகமாகக் கற்றுத்தருவதில்லை, ஏனென்றால் ஏமாற்றுகிறவன் எதிரே உட்கார்ந்து சிரிக்கிறான்.

பேருந்து ஊரைத் தாண்டுகிறது, சிக்னல் போய்விடுகிறது. நண்பன் நகர்த்திய காய் வந்ததா, வரவில்லையா? அவன் மறுபடி தட்டுகிறான். இப்போது ஒரே நகர்த்தல் இரண்டு முறை வந்து சேர்கிறது. சர்வர் இரண்டையும் ஏற்றால் ஆட்டம் குழம்பும். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் வரிசை எண் கொடுத்து, பார்த்த எண்ணை மறுபடி பார்த்தால் ஒதுக்கிவிடு என்று எழுதினால் தீர்ந்தது. யுபிஐயில் பணம் அனுப்பும்போது வட்டம் சுற்றிக்கொண்டே நின்றுவிட்டால் "போச்சா, போகலையா" என்று கடைக்காரரும் நாமும் முகத்தைப் பார்த்துக்கொள்கிறோமே, அந்தக் கேள்விக்குப் பின்னால் இருப்பதும் இதே சிக்கல்தான். ரயில் முன்பதிவில் ஒரே படுக்கையை இருவர் ஒரே நொடியில் கேட்பதும், ஆட்ட அறையில் மிச்சமிருக்கும் ஓர் இடத்துக்கு இருவர் நுழைவதும் ஒரே கணக்கு. நாலைந்து தனியாள் கேம் எழுதிய மாணவர் நேர்முகத் தேர்வில் இதற்குத் திணறுவார். ஆடுபுலி ஆட்டத்தை நண்பனோடு ஆடி முடித்தவர் திணறமாட்டார்.

"சர்வருக்குச் செலவாகும், ஹேக் செய்துவிடுவார்கள்" என்று மிரட்டுவோருக்குச் சுருக்கமான பதில் போதும். முதல் மாதத்துக்கு சர்வரே வாடகைக்கு எடுக்க வேண்டாம். ஒரே வைஃபையில் ஒருவர் மடிக்கணினி சர்வர், மற்றவர் கைபேசி கிளையன்ட், அதாவது சர்வரோடு பேசும் ஆட்டத் திரை. வெளியூர் நண்பனோடு ஆடும்போது ஒரு தடை வரும். மொபைல் நிறுவனங்கள் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருப்பதால், வெளியிலிருந்து நேராக உங்கள் கருவியைத் தொட முடியாது. அப்போது பொது முகவரி உள்ள சிறிய சர்வர் ஒன்று வேண்டும். கற்பவருக்கு இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ கிடைக்கும். ஹேக் செய்து எடுத்துப்போக அதில் என்ன இருக்கிறது? கடவுச்சொல் கேட்காதீர்கள், கைபேசி எண் கேட்காதீர்கள். ஓர் அறை எண்ணும் ஒரு பட்டப்பெயரும் போதும். வைத்திராததை யாரும் திருட முடியாது.

"இப்போது யார் இதையெல்லாம் கையால் எழுதுகிறார்கள்? கேம் எஞ்சின் இருக்கிறது, தயார் நெட்வொர்க் தொகுப்பு இருக்கிறது, ஏஐயிடம் கேட்டால் முழுசாகவே எழுதித் தரும்" என்பது புதிய வாதம். படம் வரைய எஞ்சினைப் பயன்படுத்துங்கள், யார் தடுத்தது? ஏஐயிடம் சந்தேகமும் கேளுங்கள். ஆனால் யார் எதைத் தீர்மானிப்பது என்ற முடிவைத் தொகுப்பிடம் ஒப்படைத்தால், கற்க வேண்டியது எதுவோ அதையே பெட்டிக்குள் பூட்டிவிட்டீர்கள். 23 சந்திக்கு அந்தப் பெட்டி தேவையில்லை.

எங்கே அந்த அறிவுரை சரி என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் நானும் அதே தவற்றைத் திருப்பிச் செய்தவன் ஆவேன். மாறி, சுற்று, ஃபங்ஷன் இவற்றில் தடுமாறுகிற நிலையில் சர்வர் எழுத முடியாது. அந்த அடிப்படைக்குச் சில வாரங்கள் கொடுக்கத்தான் வேண்டும். நேரடி வேகம் தேவைப்படும் எந்த ஆட்டமும் முதல் கேமாக வேண்டாம். பணம் கட்டி ஆடுவது வேண்டவே வேண்டாம். அங்கே நிரலோடு சட்டமும் சேர்ந்துகொள்ளும். முகம் தெரியாதவர்கள் வந்து குவிவார்கள் என்று கனவு காணவும் வேண்டாம். ஆள் இல்லாத ஆட்ட அறையைப் போல மனத்தை உடைப்பது வேறில்லை. ஆடப்போவது யார் என்று பெயர் சொல்ல முடிந்தால் மட்டும் தொடங்குங்கள்.

இருவராகச் செய்வதில் ஒரு கூடுதல் லாபமும் இருக்கிறது. ஸ்னேக் கேமை இருவர் பங்கிட்டு எழுத முயன்றால் ஒருவர் எழுத, மற்றவர் தோளுக்கு மேலிருந்து பார்த்துக்கொண்டிருப்பார். ஆன்லைன் கேம் தானாகவே இரண்டாகப் பிரிகிறது: சர்வர் ஒருவருக்கு, திரை ஒருவருக்கு. நடுவில் என்னென்ன செய்திகள் போகும், எந்த வடிவில் போகும் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டால் இருவரும் தனித்தனி வீட்டிலிருந்து வேலை செய்யலாம். தாளில் எழுதாததை ஒருவர் அனுப்பினால் கேம் நின்றுவிடும், சண்டை வரும், தாளைத் திருத்துவார்கள். குழுவாக வேலை செய்வது எப்படி என்று மூன்றாண்டுக் கல்லூரிப் படிப்பு சொல்லித்தராததை அந்தத் தாள் சொல்லித்தரும்.

ஆகவே சீனியர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். அடுத்த முறை இரண்டு பேர் வந்து ஆன்லைன் கேம் செய்யப் போகிறோம் என்றால், மல்டிபிளேயர் என்ற சொல்லைக் கேட்டதும் கதவைச் சாத்தாதீர்கள். எதிராளி நகர்த்தும்வரை காத்திருக்க முடிகிற ஆட்டமா என்று மட்டும் கேளுங்கள். இல்லை என்றால், காத்திருக்க முடிகிற ஓர் ஆட்டத்தைத் தேர்ந்தெடுக்க உதவுங்கள். ஆம் என்றால் தடுக்காதீர்கள். அவர்கள் எழுதும் செய்திப் பட்டியலை வாங்கிப் பார்த்து, பொய் சொல்கிற கிளையன்ட் வந்தால் என்ன ஆகும் என்ற ஒரே கேள்வியைக் கேட்டுத் திருப்பிக் கொடுங்கள். நாலைந்து ஸ்னேக் கேம் எழுதினாலும் வராத புத்தி, அந்தக் கேள்விக்குப் பதில் எழுதி முடிப்பதற்குள் வந்துவிடும்.